பன்ட்ரி கபட்டுக்குள் மின்சாரம்: பூட்டுவதற்கு முன் கேட்க வேண்டியவை

2022ஆம் ஆண்டு எரிவாயு சிலிண்டருக்காக வரிசையில் நின்ற நாட்கள் எங்கள் குசினிகளை மாற்றிவிட்டன. விறகடுப்பு மூட்ட இடமில்லாத வீடுகளில் மின்சார அடுப்பும் ரைஸ் குக்கரும் கேத்திலும் வந்து சேர்ந்தன. மின்வெட்டு இல்லாத நேரம் பார்த்துச் சமைத்தோம். எரிவாயு மறுபடியும் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகும் அந்தச் சாமான்கள் குசினியை விட்டுப் போகவில்லை. மைக்ரோவேவும் தண்ணீர் ஃபில்டரும் அவற்றோடு சேர்ந்துகொண்டன.

இன்னொரு மாற்றமும் நடந்திருக்கிறது. வெளிநாட்டுப் பணத்திலோ வங்கிக் கடனிலோ வீடு திருத்துபவர்கள் முதலில் கை வைப்பது குசினியில்தான். சுவர் முழுக்க பன்ட்ரி கபட் அடித்து, எல்லாச் சாமானையும் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டால் குசினி துப்புரவாகத் தெரியும். கறையானுக்கும் ஈரத்துக்கும் பயந்து பலரும் இப்போது பலகையை விட்டு அலுமினியத்துக்கு மாறியிருக்கிறார்கள்.

ஆனால், பல வீடுகளில் குசினிக்கென்று முதலில் போடப்பட்டது ஒரு மின்குமிழும் ஒரு பிளக் பொயின்டும் மட்டுமே. புதிய கபட் வந்தபோது புதிய வயரிங் வரவில்லை. இருந்த ஒரு பொயின்டிலிருந்து எக்ஸ்டென்ஷன் கோட் ஒன்று கபட்டுக்குள் போகிறது. அதில்தான் எல்லாம் ஓடுகிறது.

இந்தக் கட்டுரைக்காக வவுனியாவில் இருபது வருடத்துக்கு மேலாக வயரிங் வேலை செய்யும் ஒருவருடன் சில வீடுகளின் குசினிகளைப் போய்ப் பார்த்தேன். அவர் முதலில் சொன்னது இது: "கபட்டைப் பூட்டி முடிச்ச பிறகுதான் தங்கச்சி எங்களைக் கூப்பிடுவினம். அப்ப நாங்கள் என்ன செய்யிறது? கிடக்கிற ஓட்டைக்குள்ளால வயரை இழுக்கிறதுதான்."

பிரச்சினையின் பெரும்பகுதி அந்த ஒழுங்கில்தான் இருக்கிறது. மின்சாரச் சாமான் ஒன்றைக் கபட்டுக்குள் வைப்பதில் தவறில்லை. அதற்கான வயரிங், கபட் செய்பவர் அளவெடுக்க முன்னரே தீர்மானிக்கப்பட வேண்டும். ஏன் என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மூடிய பெட்டிக்குள் 400 வாட்ஸ் சூடு

மைக்ரோவேவ் ஒன்றின் பெட்டியில் 800 வாட்ஸ் என்று எழுதியிருந்தால், அது உணவுக்குள் போகும் சக்தி. அதற்காக அந்தச் சாமான் சுவரிலிருந்து இழுப்பது சுமார் 1200 வாட்ஸ். மிகுதி 400 வாட்ஸ் எங்கே போகிறது? சூடாக மாறி, விசிறியால் பின்னாலும் பக்கத்தாலும் வெளியே தள்ளப்படுகிறது. மேசையில் இருந்தால் அந்தச் சூடு குசினிக் காற்றில் கலந்துவிடும். நாலு பக்கமும் அடைத்த கபட்டுக்குள் இருந்தால், வெளியே தள்ளிய சூட்டையே விசிறி திரும்ப உள்ளே இழுக்கும்.

இதனால்தான் மைக்ரோவேவின் கையேட்டில் பின்னாலும் பக்கங்களிலும் மேலேயும் எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்று படம் போட்டுக் காட்டியிருப்பார்கள். மேலே 20 முதல் 30 சென்டிமீற்றர் வரை கேட்கும் மாதிரிகள் இருக்கின்றன. அலுமாரிக்குள் வைத்துப் பரிசோதிக்கப்படாத மாதிரிகளை அலுமாரிக்குள் வைக்கக்கூடாது என்ற வாசகமும் பல கையேடுகளில் உண்டு. கபட் அளவெடுக்கும் நாளில் அந்தக் கையேட்டின் பக்கம் கையில் இருக்க வேண்டும். சாமானின் அளவை மட்டும் கொடுத்தால், சாமான் சரியாக இறுகி நிற்கும் அளவுக்குத்தான் பெட்டி வரும்.

நான் பார்த்த ஒரு வீட்டில் மைக்ரோவேவ் வைத்த தட்டுக்குக் கதவே போடவில்லை. பின்பலகையையும் கழற்றி எடுத்திருந்தார்கள். பார்வைக்கும் குறையில்லை, காற்றோட்டமும் இருந்தது. கதவு வேண்டும் என்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சாமான் ஓடும்போதும், ஓடி முடிந்து ஆறும் வரையும் கதவு திறந்தபடி இருக்க வேண்டும். கேத்தில், ரைஸ் குக்கர் போன்றவற்றுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. அவற்றின் நீராவி மேல்தட்டில் பட்டுத் தண்ணீராகத் திரும்ப இறங்கும். அவற்றை உள்ளே வைத்துச் சேமிக்கலாம். ஓட விடுவது வெளியே இழுக்கக்கூடிய தட்டில் அல்லது மேசையில்தான்.

பிளக் போகாத ஓட்டை

கபட்டின் பக்கத்தில் வயர் போவதற்கு ஓர் ஓட்டை அடிப்பார்கள். வயரின் தடிப்புக்கு அடித்தால் போதும் என்று நினைத்துச் சின்ன ஓட்டையாக அடித்துவிடுவார்கள். ஆனால் வயரின் நுனியில் பிளக் இருக்கிறது. எங்களுடைய சதுர முள் பிளக் ஏறத்தாழ 5 சென்டிமீற்றர் அகலம். அது ஓட்டைக்குள்ளால் போகாது. அடுத்து நடப்பது என்ன? வயரை வெட்டி, ஓட்டைக்குள்ளால் விட்டு, மறுபக்கத்தில் முறுக்கி, டேப் சுற்றிவிடுவார்கள். கபட் சுவரோடு சேர்ந்ததும் அந்த மூட்டு ஒருவர் கண்ணிலும் படாது.

முறுக்கிய மூட்டு ஏன் ஆபத்து என்பதற்குச் சாதாரண தரத்தில் படித்த கணக்கே போதும். 2000 வாட்ஸ் கேத்தில் ஒன்று 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 8.7 அம்பியர் இழுக்கும். தளர்ந்த மூட்டு ஒன்றில் அரை ஓம் தடை இருந்தால், ஓட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்க 38 வாட்ஸ் அளவில் வரும். ரேடியோ திருத்துபவர் ஈயம் உருக்கும் சூட்டுக்கோலின் சக்தி அவ்வளவுதான். விரல்நுனி அளவு இடத்தில், டேப் சுற்றிய நிலையில், பலகையோடு ஒட்டியபடி அந்தச் சூடு பிறக்கிறது. சூடேறிய செம்பு கறுத்து இன்னும் தடை கூடும். தடை கூடச் சூடும் கூடும்.

இதில் பலருக்கும் தெரியாத விடயம், இந்தச் சூட்டை வீட்டில் உள்ள எந்தப் பாதுகாப்புக் கருவியும் காண்பதில்லை என்பதுதான். பிரேக்கர் ஓட்டத்தின் அளவை மட்டும் பார்க்கிறது. அதற்கு இது வழமையான 8.7 அம்பியர். ட்ரிப் சுவிட்ச் நிலத்துக்குக் கசியும் ஓட்டத்தைப் பார்க்கிறது. இங்கே கசிவு எதுவும் இல்லை. இரண்டும் விழாமல் இருக்க, மூட்டு கருகிக்கொண்டிருக்கும்.

இதே சூடு பிளக் முனையிலும் பிறக்கும். இரண்டு உருண்டை முள் கொண்ட வெளிநாட்டுச் சாமான்களின் பிளக்கை, பேனை மூடியால் எர்த் துளையைத் திறந்துகொண்டு சதுரத் துளைக்குள் செருகும் பழக்கம் நாட்டின் எல்லாப் பகுதிகளிலும் உண்டு. உருண்டை முள்ளைச் சதுரத் துளையின் தகடு இறுகப் பிடிக்காது. இலங்கைக்கு 13 அம்பியர் சதுர முள் வகையே தரம் என்று தீர்மானிக்கப்பட்டு, 2018 முதல் மற்ற வகைகளைச் சந்தையிலிருந்து அகற்றும் விதி வந்தது. ஆனால் வீடுகளில் பழைய 5 அம்பியர், 15 அம்பியர் பொயின்டுகளும் அவற்றை இணைக்கும் அடப்டர்களும் இன்னும் இருக்கின்றன. கபட்டுக்குள் அடப்டரோ மல்டி பிளக்கோ வேண்டாம். சாமானின் பிளக் நேராகப் பொயின்டில் செருகப்பட வேண்டும். பொருந்தாவிட்டால், நல்ல சதுர முள் பிளக் ஒன்றைத் தெரிந்தவரைக் கொண்டு மாற்றுவது நல்லது.

அந்தப் பிளக்குக்குள் ஒரு ஃபியூஸ் இருக்கிறது. ஏறத்தாழ 700 வாட்ஸ் வரையான சிறிய சாமான்களுக்கு 3 அம்பியர், கேத்தில் போன்றவற்றுக்கு 13 அம்பியர். எல்லாவற்றுக்கும் 13 அம்பியர் போட்டால் மெல்லிய வயருக்குக் காவல் இல்லாமல் போகும்.

அலுமினியக் கபட்டும் ட்ரிப் சுவிட்சும்

பலகை மின்சாரத்தைக் கடத்தாது. அலுமினியம் கடத்தும். இந்த வேறுபாட்டை கபட் விற்பவர் சொல்லமாட்டார்.

அலுமினியச் சட்டத்தில் துளைத்த ஓட்டையின் விளிம்பு கத்திபோல இருக்கும். சாமானை வெளியே இழுத்துத் துடைக்கும் ஒவ்வொரு தடவையும் வயரின் மேலுறை அதில் உரசும். ஒருநாள் உயிர்க்கம்பி சட்டத்தில் தொட்டால், மேசைக்குக் கீழே இருக்கும் கபட் வரிசை முழுவதிலும் மின்சாரம் ஏறலாம். ஈரக் கையோடு, வெறுங்காலோடு அதன் கைபிடியைப் பிடிப்பவருக்குத்தான் அது முதலில் தெரியவரும். பெரும்பாலான வீடுகளில் அது ஒரு பெண்.

இந்த நேரத்தில் உயிரைக் காப்பது ட்ரிப் சுவிட்ச். இலங்கையில் சாதாரண வீடுகளின் எர்த், வீட்டு நிலத்தில் அடித்த கம்பியில் போய் முடிகிறது. அந்த மண்வழிப் பாதையில் தடை அதிகம். 50 ஓம் தடை உள்ள பாதை என்று வைத்துக்கொண்டால், 230 வோல்ட்டில் ஓடுவது 4.6 அம்பியர் மட்டுமே. 20 அம்பியர் பிரேக்கர் அதற்கு அசையாது. கோடையில் வன்னி மண் காய்ந்து கிடக்கும்போது தடை இன்னும் கூடும். ஆனால் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச்சுக்கு அது தாராளமான கசிவு. ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் அது விழுந்துவிடும்.

எனவே மூன்று விடயங்கள் அவசியம். ஒன்று, உலோகத்தில் அடிக்கும் ஒவ்வோர் ஓட்டைக்கும் ரப்பர் அல்லது பிளாஸ்டிக் வளையம். இரண்டாவது, அலுமினியச் சட்டத்தை வீட்டின் எர்த்துடன் பச்சை மஞ்சள் வயரால் இணைப்பது. மூன்றாவது, வேலை செய்யும் ட்ரிப் சுவிட்ச். அதன் முகப்பில் உள்ள 'T' என்ற எழுத்துப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தியும் விழாவிட்டால், அது பழுது.

"அடிக்கடி விழுது எண்டு சொல்லி ட்ரிப்பைக் கழட்டிப்போட்டு நேரா லைன் குடுக்கச் சொல்லுவினம். நான் குடுக்கிறேல்லை. வேற ஆள் வந்து குடுத்திட்டுப் போவான்" என்றார் அந்த அண்ணை. அடிக்கடி விழும் ட்ரிப் சுவிட்ச் பெரும்பாலும் எங்கோ ஒரு கசிவு இருப்பதைச் சொல்கிறது. அந்த இடத்தைத் தேடுவது அரைநாள் வேலையாக இருக்கலாம். அந்தக் கூலியை மிச்சம் பிடிக்கும் வீட்டில் காவல் இல்லாமல் போகிறது.

எப்படி இருக்க வேண்டும்?

நான் பார்த்தவற்றில் சரியாகச் செய்யப்பட்டிருந்த ஒரு குசினியை வைத்துச் சொல்கிறேன்.

மெயின் சுவிட்ச் பெட்டியிலிருந்து குசினிக்குத் தனி லைன் ஒன்று வந்திருந்தது. பிளக் லைனுக்குரிய 7/0.67 வயர், அதாவது 2.5 சதுர மில்லிமீற்றர் செம்பு. அதற்கு 20 அம்பியர் பிரேக்கர். மின்குமிழ்களுக்குப் போடும் மெல்லிய வயரிலிருந்து கபட்டுக்குள் பிளக் பொயின்ட் எடுக்கவில்லை. அப்படி எடுப்பது நான் கண்ட தவறுகளில் அடிக்கடி கண்டது.

மேசைக்கு மேலே, கை எட்டும் உயரத்தில், அடுப்பிலிருந்தும் சிங்க்கிலிருந்தும் தள்ளி ஒரு 20 அம்பியர் டபுள் போல் சுவிட்ச். அதை நிறுத்தினால் உயிர்க்கம்பியும் நியூட்ரலும் இரண்டுமே துண்டிக்கப்படும். அந்தச் சுவிட்சிலிருந்து சுவருக்குள்ளால் குழாய் வழியே போன வயர், கபட்டின் பின்னால் சுவரிலேயே பதித்த பொயின்டில் முடிந்திருந்தது. இடையில் மூட்டு எதுவும் இல்லை.

அந்தப் பொயின்ட் மைக்ரோவேவுக்கு நேர் பின்னால் இல்லை. பக்கத்துத் தட்டின் பின்சுவரில் இருந்தது. இதற்குக் காரணம் உண்டு. நேர் பின்னால் இருந்தால் பிளக்கே சாமானை முன்னே தள்ளும், அல்லது சாமான் பிளக்கை அழுத்தி வயரை மடிக்கும். அதோடு, சாமானைத் தூக்காமல் பிளக்கைப் பிடுங்க முடியாது. பக்கத்துத் தட்டில் இருந்தால் கதவைத் திறந்து கையை விட்டால் போதும். இரண்டு தட்டுகளுக்கும் இடையே 60 மில்லிமீற்றர் ஓட்டை அடித்து வளையம் போட்டிருந்தார்கள். பிளக் அப்படியே போய்வரும். சாமானின் வயரை வெட்டத் தேவையில்லை.

வயரின் நிறத்தையும் சொல்ல வேண்டும். பழைய வீடுகளில் சிவப்பு உயிர்க்கம்பி, கறுப்பு நியூட்ரல். புதிய வயர்களில் மண்ணிறம் உயிர்க்கம்பி, நீலம் நியூட்ரல். பழைய வீட்டில் புதிய லைன் சேர்க்கும்போது இரண்டும் ஒரே பெட்டிக்குள் சந்திக்கும். நிறத்தை நம்பாமல் மெயினை நிறுத்தி, சோதித்து, பிறகு கை வைப்பவரைத்தான் வேலைக்கு வைக்க வேண்டும்.

சிங்க்கின் கீழும் சிலிண்டருக்குப் பக்கத்திலும்

சுண்ணாம்புத் தண்ணீர் உள்ள யாழ்ப்பாணத்திலும், சிறுநீரக நோய்ப் பயம் உள்ள வவுனியாப் பக்கக் கிராமங்களிலும் தண்ணீர் ஃபில்டர் ஆடம்பரப் பொருள் இல்லை. அதைச் சிங்க்கின் கீழ்க் கபட்டுக்குள் பூட்டுவது வழக்கம். அங்கே குழாய் கசிந்தால் தண்ணீர் முதலில் தேங்குவது கபட்டின் அடித்தட்டில். எக்ஸ்டென்ஷன் கோட் கிடப்பதும் அங்கேதான்.

இந்த ஃபில்டர்கள் பலவற்றின் பம்ப் ஓடுவது 24 வோல்ட்டில். 230 வோல்ட் வருவது அடப்டர் வரைக்கும்தான். அந்த அடப்டரைச் சிங்க் கபட்டுக்கு வெளியே, மேசைக்கு மேலே உள்ள பொயின்டில் செருகி, மெல்லிய 24 வோல்ட் வயரை மட்டும் உள்ளே கொண்டுபோனால் பெரிய ஆபத்து குசினியின் ஈரமான மூலையிலிருந்து விலகிவிடும்.

எரிவாயு சிலிண்டர் இருக்கும் கபட்டுக்குள் பிளக் பொயின்டோ, சுவிட்சோ, ஜங்ஷன் பெட்டியோ இருக்கவே கூடாது. சமையல் எரிவாயு காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் மேலே போகாமல் கபட்டின் அடியில் தேங்கும். சுவிட்ச் போடும்போது தெறிக்கும் சிறு பொறி அதற்குப் போதும். 2021 இறுதியில் நாடெங்கும் எரிவாயு வெடிப்புகள் நடந்தபோது சிலிண்டரின் கலவை பற்றித்தான் எல்லோரும் பேசினோம். சிலிண்டர் இருக்கும் இடத்தில் பொறி வரக்கூடிய பொருள் என்ன இருக்கிறது என்ற கேள்வியை ஒவ்வொரு வீடும் தானே கேட்கலாம். கசிவு மணம் வந்தால் எந்தச் சுவிட்சையும் போடவோ நிறுத்தவோ கூடாது. யன்னல், கதவுகளைத் திறந்துவிட்டு வெளியேற வேண்டும்.

யார் யாரிடம் கேட்பது?

புதிய மின் இணைப்புக்கு வீட்டு வயரிங்கின் பரிசோதனை அறிக்கை கேட்கிறார்கள். அதற்குப் பிறகு பத்து வருடம் கழித்துக் குசினியில் கூட்டும் பொயின்டை யாரும் வந்து பார்ப்பதில்லை. கேட்க வேண்டியது வீட்டுக்காரர்தான்.

வயரிங் செய்பவரிடம் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மின்னியலாளர்களுக்கு மூன்றாம், நான்காம் மட்டச் சான்றிதழ்கள் வழங்கப்படுகின்றன. அவரையும் கபட் செய்பவரையும் ஒரே நாளில் வீட்டுக்குக் கூப்பிட வேண்டும். குசினியில் தினமும் நிற்பவரும் அப்போது கூட நிற்க வேண்டும். எந்தச் சாமான் எங்கே, எத்தனை வாட்ஸ், எந்தெந்தச் சாமான்கள் ஒரே நேரத்தில் ஓடும் என்பது அவருக்குத்தான் தெரியும். காலையில் கேத்திலும் மைக்ரோவேவும் ஒன்றாக ஓடினால் 3200 வாட்ஸ், கிட்டத்தட்ட 14 அம்பியர். ஒரு 13 அம்பியர் பொயின்ட் அதைத் தாங்க வேண்டியதில்லை. ஆகவே இரண்டு பொயின்ட் வேண்டும்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் சுவரை உடைக்க முடியாது. அவர்கள் செய்யக்கூடியது, சூடாக்கும் சாமான்களைக் கபட்டுக்குள் கொண்டுபோகாமல் சுவர்ப் பொயின்டுக்குப் பக்கத்தில் வெளியே வைத்து, ஒரு நேரத்தில் ஒன்றை ஓட்டுவது. பார்வைக்கு அவ்வளவு அழகில்லைதான்.

வேலை முடிந்த அன்று பணம் கொடுக்க முன் ஒரு சோதனை செய்யலாம். மைக்ரோவேவுக்குள் ஒரு பாத்திரம் தண்ணீர் வைத்துப் பத்து நிமிடம் ஓடவிட்டு, நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கி, அதன் பிளாஸ்டிக் முதுகைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடோ, கருகிய மணமோ, மண்ணிறத் தழும்போ இருந்தால் வேலை முடியவில்லை. பிறகு வீட்டில் உள்ள எல்லோரையும், பிள்ளைகளையும் சேர்த்து, கூட்டிக்கொண்டுபோய் மேசைக்கு மேலுள்ள சுவிட்சையும் மெயின் சுவிட்சையும் காட்டுங்கள். யாருக்காவது மின்சாரம் தாக்கினால் அவரைத் தொடாமல் முதலில் மெயினை நிறுத்த வேண்டும். அதன் பிறகு 1990 அம்புலன்ஸை அழைக்க வேண்டும்.